குராமயே அரங்கில் ஒரு மற்போர்

டோக்கியோ மாநகரில் சுமிடா ஆற்றை அடுத்த குராமயே என்னும் பகுதியில், சூமோ மற்போருக்கென எழுப்பப்பட்ட பேரரங்கம் ஒன்று 1984-ஆம் ஆண்டு வரையில் விளங்கிற்று. 1954-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் இரவு, அவ்வரங்கின் நடுவே சூமோவுக்குரிய மண்மேடை காணப்படவில்லை. நாற்புறமும் கயிறு கட்டிய மேலைநாட்டு மேடையே அமைக்கப்பட்டிருந்தது. ஜப்பான் நாட்டுத் தொழில்முறை மல்லருள் முதல்வர் யார் என்பதை முடிவு செய்ய இருவர் அதன்மீது ஏறினர். ஒருவர் ரிக்கிடோசான், மற்றவர் மசாஹிக்கோ கிமுரா.

இவ்விருவருள் மூத்தவர் யார், புதியவர் யார் எனின், விடை கூறுவது எளிதன்று. ஆண்டில் மூத்தவர் கிமுரா. அவருக்கு அப்போது முப்பத்தேழு வயது. ரிக்கிடோசான் முப்பதை ஒட்டியவர். ஆயினும் கயிற்று மேடையில் தேர்ந்தவர் ரிக்கிடோசானே. ஜூடோக் கலையில் நிகரற்று விளங்கிய கிமுரா, அம்மேடையில் ஏறக்குறையப் புதியவராகவே இருந்தார்.

கிமுரா 1917-இல் குமமோட்டோவில் எளிய குடும்பமொன்றில் பிறந்தவர். ஜிகோரோ கானோ என்னும் பேராசிரியர் 1882-இல் நிறுவிய ஜூடோவை இளமையிலேயே கற்றார். எதிராளியின் வலிமையை எதிர்க்காமல், அதனைத் தனக்குத் துணையாக்கி அவனை வீழ்த்துவதே அக்கலையின் நுட்பமாகும். ஜூடோப் போட்டியில் அடித்தலும் உதைத்தலும் ஆகா. எறிதல், அமுக்கிப் பிடித்தல், கழுத்தை நெரித்தல், கைமூட்டைப் பூட்டுதல் ஆகியனவே உரியவை. பூட்டில் சிக்கியவன் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வான். உடனே பிடி தளரும். மரமொன்றை எதிராளியாகக் கொண்டு நாள்தோறும் ஆயிரம் முறை காலிடறும் பயிற்சி செய்ததாகக் கிமுராவே எழுதியிருக்கிறார். அவ்வுழைப்பு வீண்போகவில்லை. 1937, 1938, 1939 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அனைத்து ஜப்பான் பட்டம் அவருக்கே கிடைத்தது.

போருக்குப் பின்னர் நாடு வறுமையுற்றது. கிமுராவின் மனைவியாரை எலும்புருக்கி நோய் பற்றியது. அந்நோய்க்குரிய ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து அக்காலத்தில் எளியவர் வாங்கத்தக்க விலையினதன்று. ஆகவே, பொருளுக்காகக் கலையைக் காட்டுதல் இழிவெனக் கருதப்பட்ட காலத்தில், அவர் 1950-இல் தொழில்முறை ஜூடோவில் சேர்ந்தார். பின்னர் ஹவாய்த் தீவுகளுக்கும் பிரேசிலுக்கும் சென்றார். 1951-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ரியோ டி ஜனீரோ நகரில், எலியோ கிரேசி என்னும் புகழ்பெற்ற பிரேசில் வீரரின் கையைப் பூட்டினார். எலும்பு முறிந்தும் கிரேசி தட்டவில்லை. அவர் பக்கத்தவரே போட்டியை நிறுத்தினர்.

ரிக்கிடோசான் வந்த வழி வேறு. அவர் 1940 முதல் சூமோ வீரராக இருந்து, யோகோசூனா, ஓசேகி என்னும் இரண்டு உயர் நிலைகளுக்கு அடுத்ததாகிய செகிவாகே நிலைவரை ஏறினார். 1950-இல் தம் குடுமியைத் தாமே அறுத்துக்கொண்டு அத்துறையினின்றும் நீங்கினார். மறு ஆண்டில் மேலைநாட்டு மற்போர் பயிலத் தொடங்கி, ஹவாயிலும் அமெரிக்காவிலும் அதன் நெளிவுசுளிவுகளை அறிந்து திரும்பினார். அம்மற்போர் ஜூடோவைப் போன்றதன்று. அதில் வெல்பவர் இன்னார், தோற்பவர் இன்னார் என்பதை மல்லர்கள் முன்னரே தமக்குள் பேசி முடிவு செய்துகொள்வர். அதனால் அது எளிய விளையாட்டென எண்ணுதல் தவறு. ஒருவன் தன் கழுத்தையும் முதுகையும் நம்பி மற்றவன் கையில் ஒப்படைக்கிறான். அந்த நம்பிக்கையே அம்மேடையின் அடித்தளம்.

1954 பிப்ரவரியில் ரிக்கிடோசானும் கிமுராவும் ஓரணியாக நின்று, ஷார்ப் உடன்பிறப்பினரை இதே அரங்கில் எதிர்த்தனர். ஜப்பானில் தொலைக்காட்சி தோன்றி ஓராண்டே ஆகியிருந்தது. வீட்டில் பெட்டி வைத்திருந்தோர் மிகச் சிலர். ஆகவே ஷிம்பாஷி போன்ற இடங்களில் தெருவில் வைக்கப்பட்ட பெட்டிகளின்முன் மக்கள் பெருந்திரளாகக் கூடினர். அமெரிக்கரின் ஆட்சி நீங்கி இரண்டாண்டே சென்றிருந்த காலம் அது. பேருருவினராகிய வெள்ளையரை ஒரு ஜப்பானியர் கையால் வெட்டுவதுபோல் அறைந்து வீழ்த்தக் கண்ட மக்கள் ஆரவாரித்தனர். உண்மையில் ஷார்ப் உடன்பிறப்பினர் கனடா நாட்டவர். ரிக்கிடோசானோ கொரியாவில் பிறந்தவர். அச்செய்தி பொதுமக்களுக்கு மறைக்கப்பட்டிருந்தது!

அவ்வணியில் கிமுராவுக்கு வாய்த்த பங்கு இனியதன்று. அடிபட்டு வீழ்வது அவர் வேலையாயிற்று. இறுதியில் புகுந்து வெல்வது ரிக்கிடோசானின் வேலையாயிற்று. ஜூடோவில் முடிசூடிய ஒருவர் நகர்தோறும் இவ்வாறு வீழ்ந்துகொண்டிருக்க எத்தனை நாள் பொறுப்பார்? நடிப்பின்றி உண்மையாகவே மோதினால் ரிக்கிடோசானிடம் தாம் தோற்கப்போவதில்லை என்னும் கருத்துப்பட அவர் செய்தித்தாள் ஒன்றுக்குக் கூறினார். அதுவே அறைகூவலாக முடிந்தது.

போட்டிக்கு முன் இருவரும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர் என்பது கிமுராவின் கூற்று. முதற்போட்டி வெற்றிதோல்வியின்றி முடியவேண்டும். பின்வரும் போட்டிகளில் வெற்றியை மாறிமாறிப் பகிர்ந்துகொள்ள வேண்டும். கிமுரா அவ்வாறே எழுதிக் கொடுத்தார். ஆனால் ரிக்கிடோசானிடமிருந்து அத்தகைய எழுத்து எதனையும் அவர் பெற்றுக்கொள்ளவில்லை. கலையில் தேர்ந்த அப்பெருவீரர் தாளொன்றைக் கேட்டுப் பெறுவதில் தேர்ந்தவராக இல்லை.

போட்டி தொடங்கியது. ஒருவர் மற்றவரை எறிவதும், எறியப்பட்டவர் எழுவதுமாக முதலில் அமைதியாகவே சென்றது. கால்மணி அளவில் நிலை மாறிற்று. கிமுராவின் கால் ரிக்கிடோசானின் அடிவயிற்றுப் பக்கமாகச் சென்றது. அது தகாத இடத்தில் பட்டதென்றும், அதனால் சினங்கொண்டதாகவும் ரிக்கிடோசான் பின்னர்க் கூறினார். கிமுரா அதனை ஒப்பவில்லை. எதுவாயினும், அதன்பின் நிகழ்ந்தது நடிப்பன்று. உள்ளங்கையால் முகத்தில் அறைதல் சூமோவில் ஒப்புக்கொள்ளப்பட்ட முறை. அதில் பழகிய கை கிமுராவின் முகத்திலும் கழுத்திலும் இடைவிடாது விழுந்தது. உடன்பாட்டை நம்பி நின்ற கிமுரா, அது முறிந்ததை உணர்வதற்குள் தளர்ந்தார். கீழே சாய்ந்தவர்மீது உதையும் விழுந்தது. மேடை விரிப்பில் குருதி படிந்தது. அவர் எழவில்லை. 15 நிமிடம் 49 நொடியில் நடுவர் ரிக்கிடோசானின் கையை உயர்த்தினார்.

ஆரவாரிக்க வந்த கூட்டம் திகைத்தது. சில நாளில், கிமுரா எழுதிக் கொடுத்த தாளை ரிக்கிடோசான் செய்தியாளர் முன் வெளிப்படுத்தினார். முடிவை முன்னரே பேசிக்கொள்ள முயன்றவர் கிமுரா என்பதே மக்கள் மனத்தில் பதிந்தது. அப்பேச்சில் பங்குகொண்ட மற்றவர் வெற்றிப் பட்டத்தோடு தப்பினார். இருவருள் உண்மையில் வலியவர் யார் என்னும் வினாவுக்கு அவ்விரவு விடை தரவில்லை. ஒருவர் போரிட, மற்றவர் உடன்பாட்டைக் காத்து நின்ற நிகழ்ச்சியை வலிமைக்கு அளவுகோலாகக் கொள்வது எங்ஙனம்? எனினும் ஜப்பானியர் அவ்வினாவை விடவில்லை. 2011-இல் கூட இதனைப் பற்றி ஒரு பெருநூல் வெளிவந்து, பலராலும் படிக்கப்பட்டது.

ரிக்கிடோசான் மேன்மேலும் புகழ் பெற்றார். 1963 டிசம்பரில் டோக்கியோவின் இரவு விடுதியொன்றில் கத்தியால் குத்தப்பட்டு, ஒரு வாரத்தில் இறந்தார்.

கிமுராவோ தாம் பயின்ற தக்குஷோக்குப் பல்கலைக்கழகத்திற்கே ஜூடோ ஆசிரியராகத் திரும்பினார். 1971-இல் அவர் மாணவர் கனேயோ இவட்சூரி அனைத்து ஜப்பான் பட்டம் வென்றார். கிமுரா 1993-இல் காலமானார். ரியோ நகரில் அவர் இட்ட அக்கைப்பூட்டை, அவரிடம் தோற்ற கிரேசி குடும்பத்தாரின் வழியில் பயில்வோரே இன்றும் 'கிமுரா' என்று அழைக்கின்றனர்.