வறட்சி மாதங்களில் மாட்டுத் தீவனச் செலவு

மலாக்காவில் ஆண்டின் தொடக்க மாதங்களில் மழை குறைகிறது, புல் காய்கிறது. அதை ஒட்டியே ரப்பர் மரங்களும் இலை உதிர்க்கின்றன. அந்நாள்களில் பால் குறைவதும், பால் குறைந்தால் வருமானம் குறைவதும் நம் தொழிலாளர்கள் அறிந்ததே. கையில் காசு குறைந்திருக்கும் அதே வேளையில்தான், மாடு வளர்ப்போர் தீவன மூட்டைக்குக் கடையை நாட நேர்கிறது. தஞ்சோங் கிளிங் வட்டாரத்திலோ, முன்னர் மாடு மேய்ந்த நிலங்கள் பல தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆதலால் இச்செலவு முன்னிலும் கனக்கிறது.

குளிர் நாடுகளில் பனி நிலத்தை மூடும் மாதங்களில், கோடையில் அறுத்து உலர்த்திய புல்லே மாடுகளுக்கு ஆகாரம். இறைச்சி மாடு வளர்ப்போரின் ஆண்டுச் செலவில் பெரும்பங்கு அதற்கே போகிறது. அதனால், கையிருப்பிலுள்ள தீவனம் எத்தனை மாட்டிற்கு எத்தனை நாள் வரும் என்பதை அவர்கள் பனிக்கு முன்பே கணக்கிட்டுவிடுகின்றனர். நமக்குப் பனி இல்லை. ஆயினும் கணக்கு அதுவே.

250 கிலோ எடையுள்ள காளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 6 கிலோ உலர் தீவனம் வேண்டும். பச்சை நேப்பியர் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரே என்பதால், 6 கிலோ உலர் சத்துக்கு 30 கிலோ பச்சைப் புல் அறுக்க வேண்டும். பச்சைப் புல்லை விலைக்கு வாங்குவோர் தண்ணீருக்கும் சேர்த்தே பணம் கொடுக்கின்றனர்! நன்கு உலர்ந்த புல்லில் நூற்றுக்கு 85 பங்கு சத்துப்பொருள் நிற்கும். எனவே தரம் ஒன்றாயிருப்பின், உலர்ந்த புல்லின் விலை பச்சைப் புல்லைப்போல் நான்கு மடங்காயினும் நட்டமில்லை.

வைக்கோலை இவ்வாறு கருதிவிடலாகாது. அதில் புரதம் கிலோவுக்கு 40 கிராம் அளவே. வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்காது. சிலாங்கூரின் தஞ்சோங் காராங் வயல்களிலிருந்து தருவிப்பதாயின் லாரி வாடகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கில் கிலோவுக்கு ஏறக்குறைய 150 கிராம் புரதம் உண்டு. வைக்கோலுடன் இதனைச் சேர்த்துக் கொடுத்தால்தான் காளை எடை குறையாது நிற்கும்.

எல்லாவற்றினும் மலிவானது நம் கையால் சேமித்து வைக்கும் புல். தீபாவளி முடிந்த கையோடு, மழையில் செழித்து நிற்கும் நேப்பியர் புல்லை ஆறு ஏழு வார முதிர்ச்சியில் அறுத்து, அரைநாள் வாடவிட்டு, ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்குக. மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில் அடுக்கடுக்காக இட்டு, காற்று தங்காதபடி நன்றாக மிதித்து இறுக மூடுக. மூன்று வாரத்தில் புளித்துப் பதமாகிவிடும். பழம் புளித்தாற்போன்ற மணம் இருந்தால் நலம். பூசணம் பிடித்த பகுதியை மாட்டிற்குக் காட்டவே வேண்டாம். 200 லிட்டர் பீப்பாய் சுமார் 100 கிலோ கொள்ளும். காளையின் தேவையில் பாதியை, அதாவது நாளைக்கு 15 கிலோவை, 45 நாளுக்குக் கொடுக்க ஏழு பீப்பாய்கள் போதும். இதில் உழைப்பு அதிகந்தான். ஆனால் அவ்வுழைப்பு பால் நன்றாக இறங்கும் மாதங்களில் செய்யப்படுவது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு விற்கக் காளை வளர்ப்போர் இதனைக் கூர்ந்து நோக்க வேண்டும். அப்பெருநாள் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னதாக வருகிறது. 2025இல் ஜூன் 7ஆம் நாள் வந்தது. ஆக, வறட்சிக்கும் விற்பனைக்கும் இடையே உள்ள காலம் சுருங்கிக்கொண்டே வருகிறது. முன்போல் வறட்சியில் மெலியவிட்டுப் பின்னர் தேற்றிக்கொள்ள நாள் போதாது. மெலிந்த மாட்டைக் குர்பானுக்கு வாங்கவும் மாட்டார்கள். ஆகவே வயதான மாடுகளையும் சினை பிடிக்காத பசுக்களையும் டிசம்பருக்குள் விற்று, அவற்றிற்காகும் தீவனத்தைக் காளைக்கு ஒதுக்குவதே சரியெனக் கருதுகிறோம்.

தீவனத்தைத் தரையில் கொட்டினால் கால் பங்கு வரை மிதிபட்டும் சாணத்தில் கலந்தும் வீணாகலாம். நான்கு பலகைகளால் ஒரு தொட்டி அடித்தால் அந்நட்டம் நிற்கும். புல் கிடைக்கவில்லை என்று களைக்கொல்லி தெளித்த நிரைகளில் அறுத்துவராதீர்கள். எந்த நிரையில் என்று தெளித்தார்கள் எனக் கங்காணியாரைக் கேட்டறிக. செம்பனைப் பிண்ணாக்கில் செம்புச் சத்து மிகுதி. மாட்டிற்கு அது தாங்கும். செம்மறியாட்டிற்கு நாளடைவில் நஞ்சாகும். இரண்டையும் ஒரே கொட்டகையில் வளர்ப்போர் தொட்டிகளைத் தனித்தனியே வைத்துக்கொள்க.