எடையைக் குறைக்க அவசரம் வேண்டாம்



"பத்தே நாளில் ஐந்து கிலோ குறையும்" என்று பவுடர் டப்பா விற்பவர்கள் இப்போது நம் குழுக் கூட்டம் வரைக்கும் வந்துவிட்டார்கள். அதை வாங்க உள்கடன் கேட்கிற உறுப்பினர்களும் இருக்கிறார்கள். அந்தக் கடனைக் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

பத்து நாளில் குறைவதில் பெரும்பகுதி உடம்பில் உள்ள நீர்தான். பட்டினி கிடந்து வேகமாக இளைத்தால் சதையும் கரையும், முடி கொட்டும், பித்தப்பையில் கல்கூட வரலாம். பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் எடை திரும்ப ஏறிவிடும். வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சிப்போனால் ஒரு கிலோ குறைந்தால் போதும். 70 கிலோ உள்ளவர் ஆறு மாதத்தில் 4 கிலோ குறைத்தாலே சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்லது.

நம் வீட்டில் எடை எங்கே கூடுகிறது? காலையில் எல்லோரையும் அனுப்புகிற அவசரத்தில் வெறும் டீயோடு நிற்கிறோம். மதியம் அந்தப் பசிக்குச் சோறு கூடிப்போகிறது. ராத்திரி எல்லோருக்கும் போட்டுவிட்டு, "வீணாப் போகுதே" என்று சட்டியில் மிஞ்சியதையும், பிள்ளை தட்டில் வைத்துவிட்டுப் போனதையும் நாமே சாப்பிடுகிறோம். குப்பைக்குப் போகக்கூடாது என்று வயிற்றில் போடுவதில் என்ன மிச்சம்? மிஞ்சாத அளவுக்கு அரிசியை ஒரு பிடி குறைத்துப் போடுங்கள். காலைச் சாப்பாட்டை விடாதீர்கள். தட்டில் சோறு குறைகிற இடத்தில் கீரை, காய், சுண்டல், முட்டை வரட்டும். நமக்கு ரத்தசோகை வேறு இருக்கிறதே!

டீயைக் கணக்குப் போடுங்கள். நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம் சர்க்கரை. மாதத்துக்கு ஒரு ஆளுக்கே ஒரு கிலோவுக்கு மேல்! ஸ்பூனைப் பாதியாக்குங்கள். எண்ணெய் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர், நாலு பேர் வீட்டுக்கு 2 லிட்டர் போதும்.

வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் குழுவில் நாலு பேர் சேர்ந்து போங்கள்.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் எடை குறைக்கச் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுபவர் ஒரு வேளை சாப்பிடாமல் விட்டாலும் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரை, பிரஷர் பார்க்கிறார்கள், வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முயற்சியும் செய்யாமலே எடை இறங்கினால் சந்தோஷப்பட்டுச் சும்மா இருக்காதீர்கள். அது சர்க்கரையாக இருக்கலாம், தைராய்டாக, காசநோயாகக்கூட இருக்கலாம். அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.