தகரம் ஒன்று, தூண் ஒன்று: கொட்டகைக்கு எந்தப் பெயின்ட்?

மேல்மலையனூர் சுற்றுவட்டாரத்தில் கிணற்றடி மோட்டார் கொட்டகை, வீட்டுப் பின்கட்டில் மல்லாட்டை மூட்டை அடுக்கும் கொட்டகை எல்லாம் பெரும்பாலும் தகரம்தான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது இதே விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படி நனைந்த கொட்டகைகளில் முதலில் துருவேறுவது போல்ட் ஓட்டையும் தரையை ஒட்டிய விளிம்பும்.

பெயின்ட் அடிக்க நினைப்பவர் கடைக்குப் போகுமுன் கொட்டகையை ஒருமுறை சுற்றி வர வேண்டும். ஒரே கொட்டகையில் இரண்டு உலோகம் இருக்கும். தூணும் ஆங்கிளும் சாதா இரும்பு. கூரையும் சுவரும் பெரும்பாலும் துத்தநாகம் பூசிய ஜிஐ ஷீட். வெள்ளி நிறத்தில் பூப்பூவாகப் படிகம் தெரிந்தால் அது ஜிஐ. பூ தெரியாத ஜிஐயும் உண்டு. காந்தம் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, இரண்டிலும் ஒட்டும்.

இரண்டுக்கும் ஒரே ரெட் ஆக்சைடு, மேலே ஒரே எனாமல் என்று முடித்துவிடுவதுதான் பரவலான வழக்கம். இரும்புத் தூணில் அது நன்றாகவே நிற்கும். ஜிஐ தகரத்திலோ எனாமலில் இருக்கும் எண்ணெய்ப் பசை துத்தநாகத்தோடு வினைபுரிந்து, அடியில் சோப்பு போன்ற படலமாகிவிடும். அப்புறம் நகத்தால் நெம்பினாலே பெயின்ட் வாழைப்பட்டை மாதிரி உரிந்து வரும். உரிந்த ஏட்டைத் திருப்பிப் பார்த்தால் உட்புறம் வழவழப்பாக இருக்கும்; தகரமோ புதுசு போல மினுங்கும். பெயின்ட் தரம் குறைவு என்று கடைக்காரரைக் கோபித்துக்கொள்வதில் நியாயமில்லை.

ஆகவே ஜிஐக்கு மூன்று வழி. துத்தநாகம் கெடாமல் இருந்தால் பெயின்டே அடிக்காமல் விடலாம். செலவில்லாத இந்த வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. நிறம் வேண்டுமென்றால் எட்ச் பிரைமர் அடித்து அதன்மேல் பூசலாம். அல்லது ஜிஐக்கென்றே டப்பாவில் எழுதியிருக்கும் தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் பெயின்ட் வாங்கலாம். மாடு கட்டும் கொட்டகையானால் மூன்றாவது வழியே மேல். கூரைக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளை நிறம் எடுத்தால், சித்திரை வெயிலில் அடியில் நிற்கும் மாட்டுக்குச் சூடு குறையும்.

எபாக்சி, பியூ என்று இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பெயின்ட் நெடுநாள் உழைக்கும். ஆனால் எபாக்சியை மட்டும் அடித்து விட்டால் வெயிலில் சுண்ணாம்பு போல் வெளிறும், மேலே பியூ கட்டாயம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் பூச்சு கொடுத்தார்கள் என்றால் அங்கே கடலுக்கு நடுவே இரும்பு நிற்கிறது. உப்புக்காற்று எட்டாத மேல்மலையனூர் மோட்டார் கொட்டகைக்கு அந்தச் செலவு தேவையில்லை. உரமூட்டை வைக்கும் கொட்டகை மட்டும் விதிவிலக்கு. உரத்தின் உப்பு இரும்பை அரிக்கும், அங்கே எபாக்சி காசுக்கு ஈடு.

எதை வாங்கினாலும் வேலையில் பாதி டப்பாவைத் திறக்குமுன் இருக்கிறது. சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிக் காயவிட வேண்டும். இரும்பில் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். ஒரு ராத்திரி பனி இறங்கினாலே மறுபடி செம்மை படரும். ஜிஐயில் கம்பி பிரஷ் கூடாது, துத்தநாகமே போய்விடும். மிகப் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் போகக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் பழைய பூச்சைத் தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும், தூசி பறக்கவிடக் கூடாது. குழந்தைகளை அந்தப் பக்கம் விடவும் கூடாது.

மாசி, பங்குனி தோதான மாதங்கள். பனி உலர்ந்த பிறகு தொடங்கி, தகரம் கை வைக்க முடியாமல் கொதிக்குமுன் நிறுத்திவிட வேண்டும். சூட்டில் அடித்தால் கொப்புளம் கட்டும். தரையிலிருந்து ஒரு அடி உயரம் வரைக்கும், ஸ்க்ரூ தலைகளுக்கும் இன்னொரு கை கூடுதலாகப் பூச வேண்டும், மழைத்தண்ணீர் தெறித்து நிற்கும் இடம் அதுதான்.