ரணஜன்னி: காயம் காலில், இறுக்கம் தாடையில்

சோழவந்தான் வெற்றிலைக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வெற்றிலை விளையும் கொடிக்கால்களில், ஈரமும் தொழுவுரமும் கலந்த மண்ணில் வெறுங்காலுடன் நின்று உழைப்போருக்கு அகத்திச் சிம்பு பாதத்தில் ஏறுவது புதிய செய்தியன்று. பிடுங்கி எறிந்துவிட்டு, காயத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு அடுத்த வரிசைக்குச் சென்றுவிடுவர். ஒரு வாரம் கழித்து, காயம் ஏறக்குறைய ஆறிவிட்ட நிலையில், வாயைத் திறக்க இயலாமல் பல் வலியென்று எண்ணி மருத்துவமனைக்கு வருவோர் உண்டு. பாதத்துக் காயத்திற்கும் தாடைக்கும் என்ன தொடர்பு என்பதையே இங்கு விளக்க விரும்புகிறோம்.

ரணஜன்னியை உண்டாக்கும் கிளாஸ்டிரிடியம் டெட்டனி என்னும் நுண்ணுயிர், மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் விதை போன்ற உறக்க நிலையில் பல ஆண்டுகள் கிடக்கும். காற்றுப் புகாத ஆழமான காயமே அதற்கு உகந்த இடம். துருப்பிடித்த ஆணிதான் காரணம் என்பது பரவலான எண்ணம். துருவில் நஞ்சில்லை, ஆணியில் ஒட்டிய மண்ணில்தான் ஆபத்து உள்ளது.

அந்நுண்ணுயிர் காயத்திலேயே தங்கிவிடும். பயணம் செய்வது அது சுரக்கும் நஞ்சு. தசையைத் தொடும் நரம்பு முனைகளில் நுழைந்து, நரம்பிழையின் உள்வழியாகவே பின்னோக்கி ஏறித் தண்டுவடத்தை அடைகிறது. இரத்தத்தில் கலந்து பிற நரம்பு முனைகளையும் எட்டும். தாடை நரம்புகள் நீளம் குறைந்தவை. ஆதலால் அங்கேதான் விளைவு பெரும்பாலும் முதலில் தெரிகிறது.

நாம் கையை மடக்கும்போது, நீட்டும் தசை தளர்ந்து வழிவிட வேண்டும். அவ்வாறு தளரச் செய்ய, தண்டுவடத்திலுள்ள அடக்கும் நரம்பணுக்கள் கிளைசின், காபா என்னும் வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அவற்றை வெளியேற்ற உதவும் புரதத்தை இந்நஞ்சு வெட்டிவிடுகிறது. பிறகு இயக்கும் நரம்புகள் மூக்கணாங்கயிறு அறுந்த காளைகள்தாம். எதிரெதிர்த் தசைகள் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. முகம் சிரிப்பதுபோல் கோணுகிறது, முதுகு வில்லாக வளைகிறது. மார்புத் தசைகளும் குரல்வளையும் இறுகினால் மூச்சே தடைப்படும்.

இந்நோய்க்கு ஜன்னி என்று பெயரிட்டது ஒரு வகையில் தவறான புரிதலுக்கு இடமளிக்கிறது. ஜன்னி என்றதும் பிதற்றலையும் நினைவிழப்பையுமே எண்ணுகிறோம். ரணஜன்னியில் அறிவு தெளிவாகவே இருக்கும். மயக்க மருந்து தரப்படாத வேளைகளில், நோயாளி ஒவ்வோர் இழுப்பின் வலியையும் உணர்கிறார். கட்டிலருகே பேசுவதையும் கேட்கிறார். அவர் பிழைப்பாரா என்ற பேச்சை உறவினர்கள் வெளியே வைத்துக்கொள்ள வேண்டும். கதவு அடிபடும் ஓசை, திடீர் வெளிச்சம், எதிர்பாராத தொடுகை ஆகியவை இழுப்பைத் தூண்டும். நோயாளியை இருண்ட, அமைதியான அறையில் வைத்துப் பார்வையாளர்களைத் தடுப்பது இதனால்தான். நோய் தொற்றிவிடும் என்பதால் அன்று. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது.

நச்செதிர் மருந்து, இன்னும் நரம்பில் ஒட்டாத நஞ்சை மட்டுமே செயலிழக்கச் செய்யும். ஒட்டிய நஞ்சை அகற்ற மருந்தில்லை. புதிய நரம்பு முனைகள் வளரும்வரை, பல வாரங்கள், தசை தளர்த்தும் மருந்துகளாலும் தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசத்தாலும் உயிரைக் காக்கிறோம். "மருந்து கொடுத்தும் ஏன் குறையவில்லை?" என்று உறவினர்கள் கேட்பது இயல்பே.

தாய்மார்க்கும் பச்சிளங்குழந்தைகட்கும் வரும் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. ஆனால் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் இந்நாட்டில் தொடங்கியது 1978இல்தான். அதற்கு முன் பிறந்த பெண்களில் பலர் பேறுகாலத்திலாவது ஊசி போட்டுக்கொண்டனர். ஆண்களுக்கு அவ்வாய்ப்பும் இல்லை. வீட்டிலுள்ள அறுபது வயதுப் பெரியவரிடம் முறையாக எத்தனை ஊசி போட்டார் என்று கேட்டுப் பாருங்கள். மூன்று முறை போட்ட நினைவில்லையெனில், மண்பட்ட ஆழ்காயத்திற்குத் தடுப்பூசியுடன் நச்செதிர் ஊசியும் தேவைப்படும். காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றே வாருங்கள். முன்பே முறையாகப் போட்டவர்க்கு ஒவ்வொரு சிராய்ப்பிற்கும் ஊசி வேண்டியதில்லை. கடைசி ஊசி போட்டு அழுக்குக் காயத்திற்கு ஐந்து ஆண்டுகளும், தூய சிறு காயத்திற்குப் பத்து ஆண்டுகளும் ஆகியிருந்தால் போதும், போட்டுக்கொள்ளலாம்.

ரணஜன்னியிலிருந்து மீண்டவருக்கும் தடுப்பூசி வேண்டும். நோயை உண்டாக்கும் நஞ்சின் அளவு மிகச் சிறிது. உடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்பாற்றல் வளர்க்க அது போதாது. எனவே வீடு திரும்பும் முன்பே முதல் ஊசியைப் போட்டு, அடுத்த தேதியை அட்டையில் குறித்துத் தருகிறோம்.