மேலே ஓடுவதா, கீழே ஓடுவதா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்து பிப்ரவரி கடைசி வாரம் தேனிப் பக்கம் ட்ரெக்கிங் போவதாக இருக்கிறோம். சென்னையில் ஒருவர் எல்லாம் ஏற்பாடு செய்கிறார். “கைடு கூடவே வருவார், பயப்பட ஒன்றுமில்லை” என்கிறார். அம்மா குரங்கணிக் காட்டுத்தீயைச் சொல்லி அனுப்ப மாட்டேன் என்கிறார். அன்றைக்கும் கூட்டிப்போனவர்கள் உடன் இருந்தார்களே, பிறகு எப்படி அத்தனை பேர் இறந்தார்கள்? காட்டில் தீ வந்தால் மேலே ஓடுவதா, கீழே ஓடுவதா?
– வாசகி, திருச்சி

பதில்: பிப்ரவரி கடைசி வாரம் என்று படித்ததுமே எனக்கு உங்கள் அம்மா பக்கம் சாயத் தோன்றுகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பனியும் வெயிலும் மாறி மாறிப் பட்டு, புல் சருகாகிக் கிடக்கும் நேரம் அது. வனத்துறையின் மலையேற்றப் பாதைகளைப் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை மூடிவைப்பது இதனால்தான். அந்த நாளில் ஒருவர் “ஏற்பாடு பண்ணிடலாம்” என்றால், யார் கொடுத்த அனுமதி, எந்தப் பாதைக்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

குரங்கணியில் தீ சூழ்ந்தது 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு குழு. பெண்கள் நிறையப் பேர். பலருக்கு மலை புதிது. சனிக்கிழமை 7,000 அடிக்கு மேலே இருக்கும் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்தில் தங்கி, மறுநாள் குரங்கணியை நோக்கி இறங்கினார்கள். பிற்பகலில் புல்சரிவில் தீ வந்தது. கூட்டம் சிதறியது. ஓடிய வேகத்தில் பள்ளத்தில் விழுந்தவர்களும் உண்டு. முதலில் உதவிக்கு ஓடிவந்தவர்கள் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் பிறகுதான் வந்தன. சரிவிலேயே ஒன்பது பேர் இறந்தார்கள். மருத்துவமனைகளில் ஒவ்வொருவராக இறந்து, அடுத்த சில வாரங்களில் எண்ணிக்கை 23 ஆனது. கூட்டிப்போனவர்களில் சிலரும் அதில் அடக்கம்.

தீ மலையில் எப்படி நகர்கிறது என்று தெரிந்தால் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். சமதரையில் சுவாலை நேராக எழும்பும். சரிவில் மேல்பக்கத்துப் புல்லுக்கு மிக அருகே போய்விடும். தொடுவதற்கு முன்பே சூட்டில் அதன் ஈரத்தை உறிஞ்சிவிடும். சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. இருபது டிகிரி என்றால் நான்கு மடங்கு. மனிதனுக்கு இது தலைகீழ்: ஏற்றம் கூடக் கூடக் கால் தளரும், மூச்சு வாங்கும். போதாததற்குப் பகலில் வெயில் பட்டுச் சூடான சரிவில் காற்று கீழிருந்து மேலே வீசும். பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குக் காற்றில் ஈரம் மிகக் குறைவு. ஆகவே, கீழே தீ, நீங்கள் மேலே, நேரம் பிற்பகல் என்றால் ஏறி ஓடி ஜெயிப்பது நடக்காத காரியம். அதைவிட மோசம், ஒளிந்துகொள்ளலாம் என்று ஓடை வெட்டிய இடுக்குகளில் இறங்குவது. அந்த இடுக்கு புகைபோக்கி மாதிரி. சூடும் புகையும் அதன் வழியாகத்தான் மேலே வரும்.

புல்லில் வரும் தீயிடம் ஒரே ஒரு நல்ல குணம் உண்டு. மரம் போல நின்று எரியாது. ஓரிடத்தைச் சீக்கிரம் எரித்து முடித்துவிட்டு முன்னே போகும். அதன் முதுகுப் பக்கம் கருகிய தரை கிடக்கும். எரிந்த இடம் மறுபடி எரியாது. இதை நம்பி ஒருவர் பிழைத்த கதை உண்டு.

1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில், பாராசூட்டில் இறங்கித் தீயணைக்கும் வீரர்களைப் புல்தீ மேல்நோக்கித் துரத்தியது. குழுத் தலைவர் வாக்னர் டாட்ஜ் ஓடுவதை நிறுத்தி, எதிரே இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்தார். அது எரிந்து முடிந்த சாம்பலில் குப்புறப் படுத்துக்கொண்டு, மற்றவர்களையும் வரச் சொன்னார். ஒருவரும் வரவில்லை. பதின்மூன்று பேர் இறந்தார்கள். டாட்ஜ் பிழைத்தார், பாறை இடுக்கு வழியாக மேட்டைத் தாண்டிய இருவரும் பிழைத்தார்கள். பயிற்சி பெற்ற இளைஞர்கள், தலைவர் சொன்னது சரி, ஆனாலும் கேட்கவில்லை. அவர்கள் அவரோடு சேர்ந்து வேலை பார்த்துப் பழகியவர்கள் இல்லை. தீயைப் பார்த்த பிறகு நம்பிக்கை வளர்க்க நேரம் ஏது? (டாட்ஜ் செய்ததை நீங்கள் செய்து பார்க்காதீர்கள். நம் காட்டில் தீ வைப்பது குற்றம்; தெரியாதவர் வைத்தால் அந்தத் தீயே ஆளைத் தின்றுவிடும்.)

கைடு இருந்தும் ஏன் என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இந்தக் கதையிலிருந்துதான்: தெரிந்தவர் உடன் இருந்தால் போதாது, அவர் சொல் எடுபட வேண்டும். நம் ஊரில் “கைடு” என்றால் இரண்டு வேறு ஆட்கள். ஒருவர் நகரத்தில் பணம் வாங்கி, வாட்ஸ்அப் குழு தொடங்கி, நேர அட்டவணை போடுபவர். இன்னொருவர் மலையடிவாரத்தில் நாள் கூலிக்கு முன்னே நடப்பவர். புல்லின் நிறமும் காற்றின் போக்கும் இரண்டாமவருக்குத் தெரியும். “இன்னைக்கு வேணாம், திரும்பிடலாம்” என்று சொல்லும் அதிகாரம் மட்டும் அவரிடம் இல்லை. அது பணம் வாங்கியவரிடம் இருக்கிறது. அவருக்கோ திங்கட்கிழமை காலை உங்களை அலுவலகத்தில் சேர்த்தாக வேண்டும். இந்த ஏற்பாடு எனக்கு அறவே பிடிக்கவில்லை. போனில் அவரிடம் நேராகக் கேளுங்கள்: உள்ளூர்க்காரர் திரும்பச் சொன்னால் திரும்புவோமா, பணம் திரும்ப வருமா? புல்சரிவை நண்பகலுக்கு முன் தாண்டிவிடுவோமா? “அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கலாம்” என்றால் போகாதீர்கள்.

சரி, ஓடுவது எந்தப் பக்கம்? மேலா கீழா என்று பார்ப்பதற்கு முன், புல் இல்லாத இடம் எது என்று பாருங்கள். பாறைத் தளம், பச்சைத் தேயிலைத் தோட்டம், மண் சாலை, வனத்துறை வெட்டிய தீத்தடுப்புக் கோடு, ஏற்கெனவே எரிந்த தரை, இவற்றில் எது பக்கமோ அங்கே. நடக்கும்போதே கடைசியாகத் தாண்டி வந்த பாறை எங்கே என்று மனதில் குறித்துக்கொண்டே போக வேண்டும். புகை வந்த பிறகு தேட முடியாது. தீ தொலைவில் இருந்தால் அதன் பாதையை விட்டுப் பக்கவாட்டில் விலகுங்கள். வெறுந்தரையில் மாட்டிக்கொண்டால் தீப்பக்கம் கால் நீட்டிக் குப்புறப் படுத்து, தரையோடு முகத்தை வைத்து மூச்சுவிடுங்கள். உடம்பை மூடுவது பருத்தித் துணியாக இருக்கட்டும். கடையில் “ட்ரெக்கிங் பேன்ட்” என்று விற்கும் நைலான், பாலியஸ்டர் எல்லாம் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

குரங்கணிக்குப் பிறகு, 2018-லேயே, மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் “டிரெக் தமிழ்நாடு” திட்டத்தில் 40 பாதைகள் திறக்கப்பட்டன. இணையத்தில் பதிவு செய்யலாம். அந்தந்த ஊர் இளைஞர்களே பயிற்சி பெற்று வழி காட்டுகிறார்கள். உங்கள் பன்னிரண்டு பேருக்கும் அதுதான் வழி. மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ போங்கள், அப்போது மலை பச்சையாகவும் இருக்கும். கொழுக்குமலையில் விடியலைப் பார்ப்பது மட்டும்தான் ஆசை என்றால் நடக்கவே வேண்டாம். கேரளப் பக்கம் சூரியநெல்லியிலிருந்து ஜீப் போகிறது. இடுப்பு வலி உள்ளவர்களை மட்டும் முன் சீட்டில் உட்காரச் சொல்லுங்கள், அந்தப் பாதை அப்படி.