சராசரி வருமானத்தை நம்பிக் கடன் வாங்கலாமா? ஏற்காடு காப்பித் தோட்டம் சொல்லும் கணக்கு



சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள் வரும். எத்தனை முறை போனாலும் அது 20தான். ஆனா மேலே போய்ச் சேர எத்தனை நிமிடம் ஆகும்? மூடுபனி, முன்னால் போகும் பஸ், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இதையெல்லாம் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். இப்படி, நடந்து முடியும் வரை என்ன எண் வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குத்தான் சமவாய்ப்பு மாறி, அதாவது ரேண்டம் வேரியபிள் என்று பெயர்.

"இந்தக் கணக்கு எனக்கு எதுக்குங்க?"ன்னு கேட்கிறீங்களா? உங்க வருமானமும் ஒரு சமவாய்ப்பு மாறிதான். மாசச் சம்பளக்காரருக்கு அது அவ்வளவாகத் தெரியாது. விவசாயம், கடை, கமிஷன் தொழில் செய்பவருக்கு நல்லாவே தெரியும்.

ஏற்காட்டுக்குக் காப்பி வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில். இன்றைக்கும் சேர்வராயன் மலையில் காப்பியும் மிளகும் பலருக்குச் சோறு போடுகின்றன. அங்கே ஒரு சின்னத் தோட்டக்காரர் இருக்கார்னு வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை.

ஆண்டு வருமானத்தின் சராசரி: 3,00,000 ரூபாய்
திட்ட விலக்கம்: 60,000 ரூபாய்

திட்ட விலக்கம் என்பது, ஒரு வருஷ வருமானம் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளி நிற்கும் என்பதற்கான அளவு.

செடிக்குச் செடி காய்ப்பு வேறுபடும். ஒரு மூலையில் பூச்சி அடிக்கும், இன்னொரு மூலை செழிக்கும். இப்படி ஒன்றையொன்று சாராத பல சின்னக் காரணங்கள் கூடி ஒரு எண்ணை உண்டாக்கினால், அந்த எண்கள் நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் மணி வடிவத்தில் பரவும். இதுதான் இயல்நிலைப் பரவல். இதில் மூன்று எண்களை மனசில் வைத்தால் போதும்.

100-ல் 68 வருஷம்: 2.4 முதல் 3.6 லட்சத்துக்குள்
100-ல் 95 வருஷம்: 1.8 முதல் 4.2 லட்சத்துக்குள்
100-ல் 99.7 வருஷம்: 1.2 முதல் 4.8 லட்சத்துக்குள்

இப்போ விஷயத்துக்கு வருவோம். வீட்டுச் செலவுக்கு வேறு வருமானம் இருக்கு. அதனால அவர் கடன் வாங்குகிறார். வருஷத் தவணை 2,40,000 ரூபாய், 5 வருஷம். "சராசரி 3 லட்சம் வருதே, 60,000 மிச்சம்தானே!" என்று தோன்றும்.

கணக்கைப் பாருங்க. 68 போக மீதி 32. அதில் பாதி, அதாவது 16 சதவீத வாய்ப்பில் வருமானம் 2.4 லட்சத்துக்குக் கீழே போகும். தவணை கட்ட முடியும் வாய்ப்பு 84 சதவீதம். ஒரு வருஷம் அடுத்த வருஷத்தைப் பாதிக்காது என்று வைத்தால், ஐந்து வருஷமும் தவறாமல் கட்டும் வாய்ப்பு 0.84-ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது: சுமார் 42 சதவீதம். அதாவது, ஒரு முறையாவது தவணை தவறும் வாய்ப்பு 58 சதவீதம்! பத்திரமாகத் தெரிந்த கடன், பாதிக்கு மேல் தவற வாய்ப்புள்ள கடன்.

தவணையை 1,80,000-ஆகக் குறைத்தால்? ஒரு வருஷத்தில் தவறும் வாய்ப்பு 2.5 சதவீதம். ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துப் பார்த்தாலும் சுமார் 12 சதவீதம்தான்.

ஆனா இதையும் முழுசா நம்பிடாதீங்க. சின்னக் காரணங்கள் ஒன்றையொன்று சரிக்கட்டும் வரைதான் மணி வடிவம் நிற்கும். மார்ச், ஏப்ரலில் காப்பி பூக்க வேண்டிய மழை தவறினால் எல்லாச் செடிக்கும் ஒரே சமயத்தில் அடி. ஒரு வருஷம் அதிகமாகக் காய்த்த அராபிகா செடி மறு வருஷம் ஓய்ந்துபோகும். விலை இன்னும் மோசம். 1975 ஜூலையில் பிரேசிலில் அடித்த உறைபனியால் உலகச் சந்தையில் காப்பி விலை பல மடங்கு ஏறி 1977-ல் உச்சம் தொட்டது. அது மேல்நோக்கிய அதிர்ச்சி. கீழ்நோக்கியும் வரும். 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஒரு நாள் திட்ட விலக்கம் 1.5 சதவீதம் என்று தாராளமாக எடுத்தாலும், இயல்நிலைப் பரவல்படி பூமி தோன்றிய நாள் முதல் தினமும் சந்தை நடந்திருந்தாலும் அப்படி ஒரு நாளை எதிர்பார்க்க முடியாது. ஆனா நாமே பார்த்துட்டோம்.

அதனால மூணு வேலை செய்யுங்க:

1. கடந்த 10 வருஷ வருமானத்தை ஒரு தாளில் எழுதி, சராசரியும் திட்ட விலக்கமும் கண்டுபிடிங்க.
2. சராசரியிலிருந்து திட்ட விலக்கத்தை இரண்டு முறை கழிங்க. எல்லாக் கடனுக்குமான மொத்தத் தவணை அதைத் தாண்டக் கூடாது.
3. கணக்குக்குள் அடங்காத வருஷத்துக்காக ஒரு வருஷத் தவணையைத் தனியாக எடுத்து வையுங்க.

வங்கி உங்க சராசரியைப் பார்த்துக் கடன் கொடுக்கலாம். தவணையை நீங்க கட்டப்போவது அந்தந்த வருஷ வருமானத்தில்தான்.