குளங் காத்தாற் கிணறு காக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே வயலுக்கும் தோட்டத்துக்கும் முதலாகும். அந்நீர் குளங்களில் தங்கி, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கிக் கிணறுகளில் ஊறுகின்றது. நிலத்தின் கீழ் இந்நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கின்றது. ஆகவே குளந் தூர்ந்தால், இறைக்க இறைக்க உவர் மேலெழும்.

நீரோடு அழுக்கும் இறங்கும். அளவுக்கு மிஞ்சிய யூரியாவும் மலக்குழிக் கசிவும் நைத்திரேற்றாகிக் கிணற்றை அடையும். குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். எல்லை கடந்த நீரிற் பால்மாக் கரைத்து ஊட்டினால், கைக்குழந்தைக்கு உடல் நீலம் பாரிக்கும் நோய் உண்டாகலாம்.

மானிப்பாய் வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபைக்கு உட்பட்டது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி பொதுச் சுகாதாரமும் கழிவகற்றலும் பிரதேச சபைகளின் கடமைகளாம். ஆயினும் கமக்காரர் துணையின்றி அக்கடமை நிறைவேறாது. அவர் செய்யத்தக்கவை:

1. மாரிக்கு முன் வயலோர வாய்க்காலையும் மதகையும் துப்புரவாக்குக. குளத்து வண்டலை உரிய அனுமதி பெற்று அகற்றித் தோட்டத்துக்கு இடுக.

2. பூவரசு, கிளுவைக் குழைகளைத் தாழ்த்துக. யூரியாவைப் பயிரின் பருவமறிந்து பங்கு பங்காக இடுக.

3. தெளிகருவியையும் நாசினிப் போத்தலையும் குளத்திற் கழுவற்க. நஞ்சு கலந்தால், பூச்சிகளை உண்ணும் தவளையும் தும்பியும் மடியும், பூச்சி பெருகும்.

4. சந்தைக் கழிவையும் வீட்டுக் குப்பையையும் தரம் பிரித்து, உக்குவதைக் கூட்டெருவாக்குக. உக்காததைச் சபையிடம் ஒப்படைக்குக.

குளம் ஊருக்குப் பொது. அதன் நீர் ஒவ்வொரு வீட்டுக் கிணற்றிலும் உண்டு.